யதார்த்தமும் கூட்டுழைப்பும்: போர்ப்பாவனைக் கணினி விளையாட்டின் சமூக ஆக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

இலக்கிய ஆய்வைத் துறையாகக் கொண்ட ஒருவர் கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் புகும்போது அதற்கான நியாயத்தை முதலிலே கூறிவிடுதல் பொருத்தமாகும். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஆகிய இடங்களைக் கடந்து நக்கிள்ஸ் மலைச்சாரலை நோக்கிச் செல்லும் பாதையிலே மடுல்கெல்ல அமைந்துள்ளது. அதனைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலே, மாலை வேளைகளில், இளைஞர் சிலர் கைத்தொலைபேசிகளை ஏந்தியவண்ணம், ஒருவருக்கொருவர் கட்டளையும் எச்சரிக்கையும் பரிமாறிக்கொண்டு, எங்கோ ஒரு கற்பனைத் தீவிலே போர்புரிவதை இன்று சாதாரணமாகக் காணலாம். ‘பப்ஜி’ எனச் சுருக்கமாக வழங்கும் விளையாட்டு அது. அதன் பூர்வீகம் பெருநிறுவனம் ஒன்றின் திட்டமிட்ட ஆக்கம் அன்று. செக் குடியரசிலே தயாரிக்கப்பட்ட ‘ஆர்மா’ என்னும் இராணுவப் பாவனை விளையாட்டிலே, ஊதியம் எதுவும் பெறாது தனியொருவர் செய்த மாற்றங்களிலிருந்தே அது பிறந்தது. அந்த மாற்றங்களும் அவருக்கு முன்னே ஊதியமின்றி உழைத்த வேறு பலரின் மாற்றங்களின்மீது எழுந்தவையாகும்.

இவ்வாறு ஆடுவோரே ஆக்கிச் சேர்க்கும் மாற்றங்கள் ஆங்கில வழக்கினை ஒட்டி ‘மொட்’ எனப்படும். இக்கட்டுரையிலும் அச்சொல்லே கையாளப்படுகின்றது. ஆர்மா விளையாட்டையும் அதன் மொட்களையும் பற்றிப் பேசுவோர் இடையறாது பயன்படுத்தும் சொல் ‘யதார்த்தம்’ என்பதாகும். இச்சொல்லோடு இலக்கியத் திறனாய்வுக்கு நெடுங்காலத் தொடர்புண்டு. எனவே யதார்த்தம் என்னும் உரிமைகோரல் எழுமிடத்து இரண்டு வினாக்களை எழுப்புதல் எமது கடமையாகின்றது. முதலாவது, அந்த யதார்த்தத்தை ஆக்குவது யாருடைய உழைப்பு? இரண்டாவது, அந்த யதார்த்தத்திலே யாருடைய வாழ்வு காட்டப்படுகின்றது? இவ்விரு வினாக்களும் தம்முள் நெருங்கிய தொடர்புடையன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொட் என்பது யாது?

கணினி விளையாட்டு ஒன்றினை இரு படைகளாகப் பிரித்து நோக்கலாம். அடியிலே இருப்பது ‘எஞ்சின்’ எனப்படும் இயக்கநிரலாகும். சன்னம் செல்லும் வேகம், ஒளியும் நிழலும் விழும் முறை, இரு பொருள்கள் மோதும்போது நிகழ்வது முதலானவற்றைக் கணந்தோறும் கணிப்பது அதுவே. அதன்மேலே அமைவன தரவுகளாகும். துப்பாக்கியின் உருவம், அதன் மேற்பரப்பின் படம், அதன் ஓசை, அதன் எடையையும் எறிதூரத்தையும் கூறும் எண்கள், இன்னது நிகழ்ந்தால் இன்னது விளைக எனக் கட்டளையிடும் சிறுநிரல்கள் ஆகியன அத்தரவுகளுள் அடங்கும்.

ஆர்மாவின் சிறப்பியல்பு யாதெனில், இத்தரவுகள் எஞ்சினிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருப்பதோடு, பிந்தி ஏற்றப்படும் கோப்பு ஒன்று முந்தியதன் விவரங்களை மாற்றவும் கூட்டவும் இடமளிக்கப்பட்டிருப்பதாகும். ஏற்கெனவே உள்ள வாகனம் ஒன்றின் ‘வழித்தோன்றல்’ எனப் புதிய வாகனம் ஒன்றை அறிவித்து, வேறுபடும் இயல்புகளை மாத்திரம் எழுதினாற் போதும்; ஏனையவற்றை அது மூலத்திலிருந்து பெற்றுக்கொள்ளும். இவ்வாறே ஒரு நாட்டின் சீருடைகள், ஒரு காலகட்டத்தின் படைக்கலங்கள், செய்மதித் தரவுகளைக்கொண்டு அமைக்கப்பட்ட நிலப்பரப்புகள் முதலியன ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டுள்ளன. இந்நிலப்பரப்புகளிலே போர்நிகழ்ச்சிகளைக் கோத்து அமைப்பதற்கு விளையாட்டினுள்ளேயே ஒரு தொகுப்பியும் தரப்பட்டுள்ளது.

பொதுவான ஒரு மூலத்தைச் சமூகம் தன் தேவைக்கேற்ப மாற்றி வழங்குதல் எமக்குப் புதிதன்று. மலையகத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவன. ஒரு தோட்டத்து வாத்தியார் சேர்த்த பாடல் அடுத்த தோட்டத்திலே திருந்தியோ திரிந்தோ ஒலிக்கும். அதனைச் சேர்த்தவர் பெயர் நிலைக்காது. ஆயின் அவர் சேர்த்ததற்கு வேறு எவரும் உரிமை கொண்டாடுவதும் இல்லை. மொட் ஆக்கமும் தொழிற்பாட்டளவில் இத்தகையதே. உடைமை பற்றிய வினாவிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை உணர்தற்கு வரலாற்றினைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

3. வரலாற்றுப் பின்னணி

1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூம் 2’ என்னும் விளையாட்டை 1996ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் மரைன் படையினர் தமது பயிற்சிக்கென மாற்றியமைத்தனர். அரக்கர்கள் நீக்கப்பட்டுப் படைவீரர்கள் புகுத்தப்பட்டனர். ‘மரைன் டூம்’ என வழங்கிய இம்மாற்றம் அரச இராணுவம் ஒன்றே மொட் ஆக்கியதற்கு முற்பட்ட உதாரணமாகும். விளையாட்டுக்கும் படைப்பயிற்சிக்கும் இடையிலான எல்லை தொடக்கத்திலேயே மெல்லியதாக இருந்தமை இதனாற் புலனாகும்.

1999ஆம் ஆண்டிலே மின் லீ, ஜெஸ் கிளிஃப் ஆகிய இரு இளைஞர்கள் ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் விளையாட்டின்மீது ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்னும் மொட்டினை ஆக்கினர். அடுத்த ஆண்டே மூல விளையாட்டின் உரிமை நிறுவனமாகிய வால்வ் அதனை விலைக்குப் பெற்று, ஆக்கியோரையும் தன் பணியிலே அமர்த்திக்கொண்டது. சமூகம் ஆக்குவது, வெற்றிபெற்றதை நிறுவனம் உள்வாங்குவது என்னும் நெறி இவ்வாறு நிலைபெற்றது.

பிராகாவைச் சேர்ந்த போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2001ஆம் ஆண்டிலே ‘ஒப்பரேஷன் ஃபிளாஷ்பொயின்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பரந்த நிலப்பரப்பு, ஒரே சன்னத்தால் இறந்துபடும் படைவீரன், தொலைவிலிருந்து வரும் காணாப் பகைவன் ஆகிய இயல்புகளால் அது ஏனைய சுடுதல் விளையாட்டுக்களிலிருந்து வேறுபட்டது. வெளியீட்டு நிறுவனத்தோடு உறவு முறிந்தபோது விளையாட்டின் பெயர் வெளியீட்டாளரிடமே தங்கிவிட்டது. ஆக்கியோர் தாம் ஆக்கியதன் பெயரை இழந்து, 2006ஆம் ஆண்டிலே ‘ஆர்மா’ எனப் புதுப்பெயர் சூட்ட நேர்ந்தது. இரண்டாம் ஆர்மா 2009இலும் மூன்றாம் ஆர்மா 2013இலும் வெளிவந்தன. இதே தொழில்நுட்பத்தினின்று படைப்பயிற்சிக்கெனக் கிளைத்த ‘வி.பி.எஸ்.’ என்னும் பாவனைத் தொகுதியை அமெரிக்க, அவுஸ்திரேலியப் படைகள் முதலியன பயன்படுத்தின. அதனைத் தயாரித்த, பின்னாளிலே தனியாகப் பிரிந்துசென்ற நிறுவனத்தை 2022ஆம் ஆண்டிலே பிரித்தானியப் போர்த்தளபாட நிறுவனமாகிய பி.ஏ.ஈ. சிஸ்டம்ஸ் 20 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது.

நியூசிலாந்துப் படையிலே பணியாற்றிய டீன் ஹால் என்பவர் 2012ஆம் ஆண்டிலே இரண்டாம் ஆர்மாவின்மீது ‘டேஸீ’ என்னும் மொட்டினை ஆக்கி இலவசமாக வெளியிட்டார். சில மாதங்களிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை ஆடினர். அதனை ஆடுவதற்கு மூல விளையாட்டை வாங்கவேண்டியிருந்தமையால், வெளிவந்து மூன்றாண்டுகள் கழிந்த ஒரு பண்டம் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சியை எட்டியது. அந்த டேஸீயினையே அடிப்படையாகக் கொண்டு, அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் என்பவர், இறுதிவரை எஞ்சுபவர் ஒருவரே வெல்லும் ‘பற்றில் றோயால்’ ஆட்டமுறையை உருவாக்கினார். பின்னர் தென்கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொள்ள, 2017ஆம் ஆண்டு பப்ஜி வெளிவந்தது. மறுவருடம் அதன் கைத்தொலைபேசி வடிவமும் வந்தது. இந்தியாவிலே 2020 செப்டம்பரில் அது தடைசெய்யப்பட்டதும், 2021இல் வேறு பெயரிலே மீண்டதும் பலரும் அறிந்தவை. அதே 2021ஆம் ஆண்டிலே அத்தென்கொரிய நிறுவனம், கிராஃப்டன் என்னும் பெயரோடு பங்குச் சந்தையிலே புகுந்து ஏறத்தாழ 4.3 இலட்சம் கோடி வொன் திரட்டியது. மடுல்கெல்ல லயத்து இளைஞனின் கையிலுள்ள விளையாட்டின் வமிசவரலாறு இதுவாகும்.

4. உழைப்பும் உடைமையும்

இவ்வரலாற்றைச் சுரண்டலின் கதை என ஒரே சொல்லிலே கூறிவிடுதல் எளிது. ஆயின் அது இயந்திரப்பாங்கான விளக்கமாகவே முடியும். மொட் ஆக்குபவர் கூலியாள் அல்லர். அவரை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. தமது மகிழ்ச்சிக்காகவும் தம்மையொத்தோரின் மதிப்பிற்காகவும் அவர் உழைக்கின்றார். அவருடைய ஆக்கம் அவருக்கும் அவர்தம் குழுவினருக்கும் பயன்மதிப்பாகவே முதலில் அமைகின்றது. எனினும் ஒவ்வொரு நல்ல மொட்டும் மூல விளையாட்டின் பரிவர்த்தனை மதிப்பை உயர்த்துகின்றது. தோல்வியுறும் மொட்களின் நட்டத்தை ஆக்கியவரே தாங்குகின்றார். வெற்றிபெறும் மொட்டின் பயன் மூல உடைமையாளரைச் சென்றடைகின்றது. விளையாட்டும் உழைப்பும் பிரிக்கவியலாதவாறு கலந்த இந்நிலையை 2005ஆம் ஆண்டிலே யூலியன் குக்லிச் என்னும் ஆய்வாளர் இரு சொற்களையும் இணைத்து ஒரே சொல்லாற் சுட்டினார். அதனைத் தமிழில் ‘ஆட்ட உழைப்பு’ எனலாம்.

இவ்வுறவினை விளங்கிக்கொள்ளப் பெருந்தோட்டத்திலிருந்தே ஓர் உவமை காட்டலாம். லயத்தின் பின்புறத்திலே தோட்டத் தொழிலாளர் மரக்கறிப் பாத்தி போடுவர். கல்லைப் பெயர்ப்பதும் எருவிடுவதும் நீர் பாய்ச்சுவதும் அவரே. விளைந்த கீரையும் போஞ்சியும் அவருக்கே உரியன. ஆனால் நிலம் அவருடையதன்று. பல ஆண்டுகள் பண்படுத்தியபின் அந்நிலம் வேறு தேவைக்கு எடுக்கப்பட்டால், பண்படுத்திய உழைப்புக்கு அவர் கையிலே உரித்து எதுவும் இராது. மொட் ஆக்குவோரின் நிலையும் இதனையொத்தது. எஞ்சின் என்னும் நிலம் நிறுவனத்தினுடையது. பாத்தி மாத்திரமே அவர்களுடையது. அவ்வகையில் நிறுவனம் பெறுவது கூலியுழைப்பின் உபரி என்பதினும், நிலவுடைமையாளர் பெறும் வாடகையை ஒத்தது எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். இவ்வுவமைக்கு எல்லையுண்டு என்பதையும் கூறவேண்டும். பாத்தி போடுபவரின் தேவை வயிற்றுத் தேவை. மொட் ஆக்குபவரோ பெரும்பாலும் கணினியும் ஓய்வுநேரமும் வாய்க்கப்பெற்றவர்.

போஹீமியா நிறுவனம் தன் ஆக்கங்களைப் பிறர் மாற்றி வெளியிடுவதற்கென வகுத்த உரிமங்களுள் ஒன்று ‘ஆர்மா பொது உரிமம்’ என்பதாகும். மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடல் வேண்டும், வணிக நோக்கிலே பயன்படுத்தலாகாது, ஆர்மாவுக்கு வெளியே வேறெந்த விளையாட்டுக்கும் கொண்டுசெல்லலாகாது என்பன அதன் நிபந்தனைகள். மூன்றாவது நிபந்தனை கருத்தூன்றத்தக்கது. ‘பொது’ என்னும் சொல் வேலிக்குள்ளே மாத்திரம் செல்லுபடியாகின்றது. 2014ஆம் ஆண்டிலே இதே நிறுவனம் மொட் ஆக்குவோருக்கென மொத்தம் 5 இலட்சம் யூரோ பரிசுடன் போட்டி ஒன்றை அறிவித்தது. 2019ஆம் ஆண்டு முதல் தெரிந்தெடுக்கப்பட்ட வெளி ஆக்கக் குழுக்களின் ஆக்கங்களை வருவாய்ப் பங்குடன் விற்பனைக்கு விடும் முறையும் தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் ஒருசிலர் மேலேறுவதனால் ஏனையோரின் நிலை மாறுவதில்லை.

இதற்கு மாறான போக்கும் இதே களத்தில் உண்டு. ‘ஏஸ்’ எனப்படும் மொட் 2015ஆம் ஆண்டிலே முன்னர் தனித்தனியே இயங்கிய குழுக்களின் இணைப்பால் மூன்றாம் ஆர்மாவுக்கு வந்தது. அதன் நிரல் ‘குனு’ பொது உரிமத்தின் கீழே வெளியிடப்பட்டுள்ளது. எவரும் அதனைப் படிக்கலாம், மாற்றலாம். மாற்றி வெளியிடுபவர் தம் மாற்றத்தையும் திறந்தே வைத்தல் வேண்டும். இத்தகைய கூட்டுழைப்பு எமக்கும் அந்நியமானதன்று. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே பேணுதற்கென 2005ஆம் ஆண்டு தோன்றிய நூலகம் திட்டமும் தன்னார்வ உழைப்பினால் வளர்ந்தவையே. அங்கு உழைப்பின் பயன் எவருடைய பண்டத்தின் விலையையும் உயர்த்தாது பொதுச் சொத்தாகவே நிற்கின்றது. எனவே பிரச்சினை ஊதியமின்மை மாத்திரமன்று. ஊதியமின்றி ஆக்கப்பட்டது இறுதியில் யாரிடம் சேர்கின்றது என்பதே அடிப்படை வினாவாகும்.

5. நுணுக்கமும் யதார்த்தமும்

இக்கூட்டுழைப்பு எதன்மீது செலவிடப்படுகின்றது என்பதை இனி நோக்குவோம். ஏஸ் மொட்டினை எடுத்துக்கொண்டால், சன்னத்தின் பாதையிலே காற்று, வெப்பநிலை, வளியமுக்கம் என்பனவும் புவியின் சுழற்சியும் ஏற்படுத்தும் விலகல் கணிக்கப்படுகின்றது. காயம் உடலின் எப்பகுதியிலே பட்டது, எவ்வளவு குருதி வெளியேறியது, நாடித்துடிப்பு எவ்வாறுள்ளது, இறுக்கிக் கட்டிய பட்டி எவ்வளவு நேரம் இருந்தது என்பனவும் கணிக்கப்படுகின்றன. வேறு மொட்களிலே வானொலித் தொடர்பு தூரத்துக்கும் மலையின் மறைப்புக்கும் ஏற்ப மங்குகின்றது. ஊதியமின்றிப் பல ஆண்டுகள் இத்தகைய நுணுக்கங்களுக்காக உழைத்தவர்களின் திறமையையும் பொறுமையையும் மதிக்காதிருக்க முடியாது.

ஆனால் நுணுக்கம் யதார்த்தமாகுமா? 1936ஆம் ஆண்டிலே கியோர்கி லூக்காச் எழுதிய கட்டுரையொன்று இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. எமிலி ஸோலாவின் ‘நானா’ நாவலிலும் டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ நாவலிலும் குதிரைப் பந்தயம் வருகின்றது. ஸோலா பந்தயத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் துல்லியமாக விவரிக்கின்றார். எனினும் கதையோடு அதன் பிணைப்புத் தளர்வானது. டால்ஸ்டாயின் பந்தயமோ மாந்தரின் வாழ்வையே திருப்பிவிடும் நிகழ்ச்சியாகின்றது. முன்னையதிலே நாம் பார்வையாளர். பின்னையதிலே வாழ்வின் பங்காளிகள். புறவிவரங்களின் நுணுக்கத்தை இயற்பண்புவாதம் என்றும், மனித உறவுகளின் இயக்கத்தையும் அதனை நிருணயிக்கும் சமூகச் சக்திகளையும் வெளிக்கொணர்தலை யதார்த்தவாதம் என்றும் பிரித்தறியும் மரபு தமிழ்த் திறனாய்விலும் வேரூன்றியது. அவ்வளவுகோலின்படி ஆர்மா மொட்களிற் பெரும்பாலானவை இயற்பண்புவாதத்தின் உச்சநிலையைச் சேர்ந்தவையே.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். நாவலின் வாசகர் பார்ப்பவர். விளையாட்டிலே ஈடுபடுபவர் செயற்படுபவர் அல்லரோ? உண்மையே. ஆனால் அவருக்குத் தரப்படும் செயல்கள் எவை? எங்கு பதுங்குவது, எப்போது சுடுவது, யாரை முதலில் காப்பாற்றுவது என்பனவே. இப்போர் ஏன் நிகழ்கின்றது, இதனால் யாருக்கு இலாபம், இப்படைவீரன் எவ்வகைக் குடும்பத்திலிருந்து எத்தேவையால் படையிலே சேர்ந்தான் என்பவற்றைத் தீர்மானிக்கவோ வினாவவோ அவருக்கு இடமில்லை. இத்தகைய செயற்பாடு உபாயத்தின் எல்லையைத் தாண்டுவதில்லை.

நுணுக்கத்தை மெய்யென மயங்குதலின் விளைவு விளையாட்டோடு நின்றுவிடவுமில்லை. 2011ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சி அயர்லாந்துப் போராளிகள் பற்றிய விவரணப் படமொன்றிலே, 1988ஆம் ஆண்டு உலங்குவானூர்தி ஒன்று தாக்கப்பட்ட காட்சி எனக் காட்டியது இரண்டாம் ஆர்மாவின் காட்சியையே. பார்வையாளர்களை அது தவறாக வழிநடத்தியதென ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2012இல் முடிவுசெய்தது. 2022ஆம் ஆண்டு உக்ரேன் போரின்போதும், 2023ஆம் ஆண்டு காசாப் போரின்போதும், 2025 மே மாதம் இந்திய - பாக்கிஸ்தான் மோதலின்போதும் மூன்றாம் ஆர்மாவின் காட்சிகள் உண்மைப் போர்க்காட்சிகளாக உலாவின.

இதுபற்றி 2022 நவம்பரிலே போஹீமியா நிறுவனம் விடுத்த விளக்கம் எமது ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. 20,000க்கு மேற்பட்ட மொட்களைக் கொண்ட இவ்விளையாட்டிலே உலகின் எப்போரையும் மீளக்காட்ட முடியும் என்பதை ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம், பொய்க்காட்சிகளை இனங்காண்பதற்குச் சில குறிப்புகளைத் தந்தது. அவற்றுள் ஒன்று, அத்தகைய காட்சிகளிலே நடமாடும் மனிதர் அரிதாகவே காணப்படுவர் என்பதாகும். வாகனங்களின் இயக்கத்தை ஓரளவு இயல்பாகக் காட்டலாம். மனிதரின் இயல்பான அசைவைக் காட்டுதல் மிகக் கடினம் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். தொழில்நுட்பக் குறைபாடாகவே நிறுவனம் இதனைக் கூறிற்று. ஆயின் இது அழகியல் உண்மையொன்றின் வாக்குமூலமாகவும் அமைந்துவிட்டது. கவச வாகனம் மெய்போல் உள்ளது. மனிதன் மெய்போல் இல்லை. மெய்யான போரிலும் பொய்யான போரிலும் மனிதனே அடையாளம்.

6. விடுபட்டவை

இவ்விளையாட்டுக்களிலே குடிமக்கள் அறவே இல்லை எனக் கூறுதல் பிழை. குடிமக்களின் உருவங்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தொழில் இல்லை, உறவினர் இல்லை, பசியில்லை. இறந்தால் அழுவதற்கு எவருமில்லை. எமது கூத்துமரபோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலக்கமாகும். பொன்னர் சங்கர் கதை போர்க்கதையே. ஆயினும் வீரமரணத்தோடு அது முடிவதில்லை. அண்ணன்மாரைத் தேடிச்செல்லும் தங்கையின் புலம்பல் அதன் இன்றியமையாத கூறாகும். காமன் கூத்திலே காமன் எரிந்தபின் ரதியின் புலம்பல் உண்டு. எழுத்தறிவற்றோர் எனத் தள்ளப்பட்ட தொழிலாளரின் கலை, மரணம் என்பது பின்னே எஞ்சியவரின் வாழ்விலே நிகழும் மாற்றம் என அறிந்திருந்தது. புவிச்சுழற்சியின் விலகலைக் கணிக்கும் நுண்ணறிவு, ஒப்பாரிக்கு இடம் வைக்க மறந்துவிட்டது.

எனினும் இக்களத்திலே யதார்த்தம் எட்டிப்பார்த்த தருணங்களும் உள. டேஸீ மொட்டினை டீன் ஹால் கருக்கொண்டது புரூணைக் காட்டிலே படைப்பயிற்சியின்போது தாம் பட்ட பசியினதும் நோவினதும் அனுபவத்திலிருந்தாகும். அதிலே ஆடுபவர் உண்ணவும் பருகவும் வேண்டும். குளிரிலே வருந்தவும் வேண்டும். ஒருவரை நம்புவதா கொல்லுவதா என்னும் தீர்மானம் ஒரு தகரப்பேணி உணவைப் பொறுத்ததாகின்றது. போர்விளையாட்டினுள் பசியைக் கொண்டுவந்தது நிறுவனமன்று, வாழ்ந்தறிந்த ஒருவரின் மொட் என்பது அடிக்கோடிடத்தக்கது. பின்வந்த பப்ஜியிலே பசி நீங்கிவிட்டது. கடைசியில் எஞ்சுவோனுக்கு ‘கோழி விருந்து’ என்னும் பகடி வாழ்த்து மாத்திரம் மிஞ்சியது. பண்டமாக்கலின் தருக்கம் எதனைக் களையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது தருணம் 2017 செப்டம்பரிலே வந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஒத்துழைப்புடன் போஹீமியா நிறுவனமே ‘போர்ச் சட்டங்கள்’ என்னும் இணைப்பினை வெளியிட்டு, அவ்வாண்டிலே அதனாற் கிடைத்த நிகர வருவாயின் பாதியை அக்குழுவுக்கு வழங்கியது. அதிலே வரும் கதையின் நாயகன் போர் முடிந்தபின் வெடிபொருள் அகற்றும் பணியாளன். ஒரே கிராமத்தை, அக்கிராமத்தின் தேவாலயத்தை, போரின் வெவ்வேறு கட்டங்களிலே படைவீரராகவும் குடிமகனாகவும் வேறு பலராகவும் நின்று நோக்கும்படி கதை அமைக்கப்பட்டுள்ளது. ஓரிடத்தின் அழிவைப் பல மனிதரின் உறவுகளினூடாகக் காட்டும் இம்முறை, லூக்காச் கூறிய ‘எடுத்துரைப்பு’க்கு அருகிலே வருகின்றது. சன்னத்தின் கணிப்பு இங்கு புதிதாக எதனையும் பெறவில்லை, நோக்குநிலையே மாறியது. அம்மாற்றமே போதுமானதாயிருந்தது.

இலங்கையிலே வாழும் எமக்கு இது தொலைதூர விடயமன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் புதைத்துச் சென்ற வெடிபொருள்களை அகற்றும் பணி வடக்கிலே போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் தொடர்ந்து வந்துள்ளது. இலங்கை, ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலே 2017ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் இணைந்தது. முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி அப்பணியைச் செய்தோருள் பெருந்தொகையானோர் பெண்கள். போரிலே கணவனையும் வாழ்வாதாரத்தையும் இழந்தவர்கள் அவர்களுட் பலர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, அங்கும் போரிலே சிக்குண்டவர்களை உறவினராகக் கொண்ட குடும்பங்கள் எமது தோட்டங்களிலே உள்ளன. அதே தோட்டங்களின் இளைஞரே இன்று திரையிலே போராடுகின்றனர். அவர்களைக் கண்டிப்பதும் தொலைபேசியைப் பறிப்பதும் தீர்வாகா. பகல் முழுதும் கொழும்பிலே கடைச்சிப்பந்தியாகவோ தோட்டத்திலே கைகாசுக் கூலியாகவோ உழைத்து, விடுமுறைக்கு வீடுதிரும்பியவனுக்கு, தோழரோடு சேர்ந்து சமமாக நின்று வெல்லக்கூடிய களம் வேறு எங்குண்டு என்பதையும் கேட்டுப்பார்க்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை விளையாட்டிலே இல்லை. எமது சமூக அமைப்பிலே உள்ளது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு தொகுக்கத்தக்கன. மொட் என்பது கூட்டுப் படைப்பாற்றலின் புதியதொரு வடிவம். நாட்டார் கலையின் ஆக்கமுறையோடு அதற்கு உறவுண்டு. ஆயினும் அது பிறர் உடைமையாகிய நிலத்திலே விளைவது. அந்நிலத்தின் உடைமையாளரும் சந்தையும் எதனை யதார்த்தம் என மதிக்கின்றனவோ அதன்மீதே உழைப்பும் பெருமளவிற் குவிகின்றது. அதன் பயனாகப் படைக்கலம் துல்லியமடைகின்றது, மனிதன் மங்குகின்றான். மொட்டினை ஆக்கியவரின் உழைப்பு பண்டத்தினுள் மறைவதும், போரிலே சிக்குண்டவரின் வாழ்வு நுணுக்கத்தினுள் மறைவதும் ஒரே நாணயத்திலே பொறிக்கப்பட்ட இரு முத்திரைகளாகும்.

ஆனால் இக்களம் மூடப்பட்டதன்று. ஏஸ் மொட்டின் திறந்த உரிமம் உடைமை பற்றிய வினாவுக்கு ஒரு விடையைக் காட்டுகின்றது. டேஸீயின் பசியும் ‘போர்ச் சட்டங்க’ளின் கிராமமும் நோக்குநிலை பற்றிய வினாவுக்கு விடைகளைக் காட்டுகின்றன. நிலப்பரப்பை அமைப்பதற்கும் நிகழ்ச்சிகளைக் கோப்பதற்கும் வேண்டிய கருவிகள், கணினி ஒன்றும் பொறுமையும் உள்ள எவருக்கும் எட்டக்கூடியன. பல்கலைக்கழகத்திலே பயிலும் எமது மாணவர்கள் இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடாது ஆராய வேண்டும். இயலுமாயின் ஆக்கவும் வேண்டும். அவ்வாறு ஆக்கும் நாளிலே, சன்னம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதோடு, அது சென்று தைத்த வீட்டிலே மறுநாள் உலை வைத்தவர் யார் என்பதையும் கணக்கிலே சேர்த்துக்கொள்வார்களாயின், யதார்த்தம் என்னும் சொல் தனக்குரிய பொருளைப் பெறும்.